கல்லறையிலிருந்து தொடங்குவோம்

1977 கலவரத்துக்குப் பின் ஆனையிறவுக்குத் தெற்கே, கிளிநொச்சியில் குடியேறிய தோட்டச் சொந்தங்களுக்கு யுத்தத்தில் பத்திரங்களும் போயின. பூர்வீகத்தை எப்படித் தேடுவது? ஒரு துரையின் கதையைப் பார்ப்போம்.

ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை கண்டி மஹய்யாவ மயானத்தில் இருக்கிறது. மரணம் 1892 மே 2, வயது 57. கழித்துப் பாருங்கள், பிறப்பு 1835. ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. 1852-ல் வந்தார், 1867-ல் லூல்கந்துரவில் 19 ஏக்கர் தேயிலை போட்டார். கடைசி வருஷம் கம்பெனி அவரைப் போகச் சொன்னதே, அது கல்லில் இல்லை!

தோட்டத்தார் தோள் மாற்றி அவரைக் கண்டிக்குச் சுமந்தார்கள் என்பார்கள். அவர்கள் பேரும் அங்கே இல்லை. நம்மவர் பேரைப் பழைய செக்ரோலில், கோயில் உபயக் கணக்கில் தேடுங்கள். பிறப்புப் பதிவின் நகலைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். முதலில் பாட்டியிடம் தோட்டத்துப் பேரையும் லயத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.