மாத்திரையை நிறுத்துவது தவக்குல் ஆகுமா?



அறுபதைக் கடந்த பெரியவர்கள் பலரிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறோம். இரத்தக் கொதிப்புக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதம் உண்பார்கள். தலைச்சுற்றல் நின்றதும், "உடம்பு தேறிவிட்டது, இனி அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்று தாமாகவே நிறுத்தி விடுவார்கள். இதுதான் தவக்குலா?

ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். தம் திருக்கரத்தை அவர்களின் நெஞ்சில் வைத்து, இது இதய நோய் என்று கூறி, ஸகீஃப் குலத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லும்படி பணித்தார்கள். இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. துஆச் செய்ய அல்லாஹ்வின் தூதரே அருகிலிருந்தும், நோயாளி வைத்தியரிடம் அனுப்பப்பட்டார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். முதுமைக்கு மருந்தில்லை என்று அறிவிக்கும் அதே நபிமொழிதான், நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளும்படியும் ஏவுகிறது. ஆகவே, "வயதாகிவிட்டது, இனி எதற்கு மருந்து?" என்பது முதுமையையும் நோயையும் ஒன்றாக்கிப் பேசுவதாகும்.

எங்கள் பாரூர்ப் பெரிய ஏரிக்குத் தென்பெண்ணையின் நீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வருகிறது. கால்வாயில் வண்டல் மண்டினால் ஏரிக்கு நீர் குறையும். இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களும் அப்படித்தான். கொதிப்பு மிகுந்தால் குழாயின் உட்சுவர் கெட்டு, அங்கே கொழுப்புப் படிகிறது. இதில் வலி தெரியாது. எனவே உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவது நோய் நீங்கியதற்கு அடையாளமன்று. பெரும்பாலும் மாத்திரையால்தான் கொதிப்பு 140/90-க்குக் கீழே நிற்கிறது. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

மருந்து வாங்கப் போக முடியவில்லை என்ற காரணமும் இன்று குறைந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. கொதிப்பு, சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகளை ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

ரமளான் வருமுன், ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தரலாம். நீர் பிரியும் மாத்திரை உண்போருக்குப் பகலில் நீர்ச்சத்துக் குறைந்து மயக்கம் வரலாம். நோன்பு தீங்கு செய்யும் என்று மருத்துவர் சொன்னால், குணமான பின் களாச் செய்யலாம்; குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளி ஃபித்யா கொடுக்கலாம். இது அல்லாஹ் குர்ஆனில் தந்த சலுகை. அதை ஏற்பதில் வெட்கம் எதற்கு? நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுவதும் அவ்வாறே.

வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதும் இக்கணக்கில் சேரும். பெரியவருக்கு முதலில் தனியே எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு உப்புச் சேருங்கள். ஆண்கள் இயன்றால் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்லட்டும். புகையிலை எந்த உருவிலும் வேண்டாம்.

முக்கியமானது இன்னொன்று. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் "வாயு" என்று சுக்குக் கஷாயம் போட்டுக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதலுதவி மாத்திரைகள் தரப்படுகின்றன. அந்த நேரம் நோன்பு வைத்திருந்தால் முறித்துவிட்டு மருந்தை உண்ணுங்கள். பிறகு களாச் செய்து கொள்ளலாம். பிள்ளைகளுக்குச் சிரமம் தரக்கூடாதென்று வலியை மறைக்கும் பெற்றோரே, மறைப்பதால் அவர்களின் சிரமம் கூடுமேயன்றிக் குறையாது.

உடல் நம் சொத்தல்ல, அல்லாஹ்வின் அமானத். இன்று மஃரிபுக்குப் பின் உங்கள் வீட்டுப் பெரியவரிடம், "அத்தா, மாத்திரை போட்டீர்களா?" என்று கேளுங்கள். அதுவும் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையே. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நலமான முதுமையைத் தருவானாக! ஆமீன்.