கொட்டிலில் ஒரு பிளாஸ்மா வெட்டு மேசை

இரும்புத் தகட்டில் ஒரு வட்டத்தை உளியால் வெட்டி எடுக்க அரைநாள் போய்விடும். பிளாஸ்மா வெட்டி சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் கையால் பிடித்தால் கோடு நடுங்கும். கணினி சொல்லும் வழியில் அதை நகர்த்துவதே சி.என்.சி. மேசை. வீட்டுக் கொட்டிலிலேயே இதைச் செய்யலாம்.

முதலில் வெட்டும் விதத்தை அறிவோம். அமுக்கிய காற்று சிறு துவாரத்தால் வரும்போது மின்பொறி அதனூடாகப் பாய்கிறது. காற்று 20,000 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகி இரும்பை உருக்கி ஊதித் தள்ளுகிறது. வெட்டுமுனை தகட்டை அமுக்குவதில்லை. ஆகவே அதைச் சுமந்து நகரும் பாலம் பாரமாக இருக்கத் தேவையில்லை. மெல்லிய பொக்ஸ் பார் போதும். தகட்டைத் தாங்கும் கால்கள் மட்டும் உறுதியாக வேண்டும்.

பாரத்தைவிட முக்கியமானது மூலைமட்டம். எமது முதல் மேசையில் இதைக் கவனிக்கவில்லை. வெட்டிய சதுரமெல்லாம் சாய்ந்து வந்தது. ஒட்டியதை அறுத்து மீண்டும் ஒட்டினோம். வீட்டு அத்திவாரத்துக்குக் கயிறு பிடிப்பதுபோல இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பக்கம் 1200 மி.மீ. என்றால் இரண்டும் 1697 மி.மீ. இருக்கவேண்டும்.

பாலத்தை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டர். இது ஒரு சுற்றைப் பொதுவாக 200 சிறு படிகளாகச் சுற்றும். உயர் அதிர்வெண் மின்னால் பொறி தொடக்கும் வெட்டிகள் கணினியைக் குழப்பி மோட்டரைத் தடுமாறச் செய்யும். வாங்கும்போதே இதைக் கேட்டறிவோம். கொம்பிரசர் காற்றில் ஈரம் இருந்தால் வெட்டுமுனை விரைவில் தேயும், நீர்பிரிப்பான் பூட்டுவோம்.

உயிருக்கு ஆபத்தானவை சில உண்டு:

1. கருங்கண்ணாடியின்றிப் பொறியைப் பார்க்கக் கூடாது.

2. நாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைத் தரும். மூடிய கொட்டிலில் அதை வெட்டக் கூடாது.

3. தூசியைப் பிடிக்கத் தகட்டின் கீழ் தண்ணீர்த் தட்டு வைப்பது நல்லது. ஆனால் அதன்மேல் அலுமினியம் வெட்டினால் ஐதரசன் வாயு சேர்ந்து வெடிக்கலாம்.

4. மண்ணெண்ணெய், வைக்கோல், சாக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

மேசை முடிந்ததும் உடனே தீ மூட்டவேண்டாம். வெட்டுமுனை இருக்கும் இடத்தில் ஒரு பேனையைக் கட்டி, அட்டையில் ஒரு சதுரம் வரையச் செய்வோம். அதன் மூலைவிட்டங்களை அளப்போம். பிழை இருந்தால் ஓர் அட்டையோடு போகும். விலை கொடுத்து வாங்கிய தகடு தப்பும்.