குளிரில் எரியும் ரயர் லைற்றும் காஸ் சிலிண்டரும்

ஊரில் நாங்கள் எல்லாரும் கண்ட விசயம்தான். சைக்கிளுக்கு இறுக்கமாகக் காற்றடித்து உச்சி வெயிலில் விட்டால், சிலவேளை ரியூப் "படார்" என்று வெடிக்கும். ஒருவரும் தொடவில்லை, மேலதிகமாகக் காற்றும் அடிக்கவில்லை. பிறகு ஏன் வெடித்தது?

வாயுவின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடித் திரிபவை. அவை பாத்திரத்தின் சுவரில் மோதுவதால் வருவதுதான் அமுக்கம். சூடு ஏறினால் வேகமாக ஓடி, பலமாக மோதும். பாத்திரம் மூடியிருந்தால் அமுக்கம் கூடும். குளிர்ந்தால் குறையும். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தப் பாடம் ரொறன்ரோ குளிரில் உங்களுக்கு உதவும்.

கார் ரயர்

20 பாகையில் 32 பி.எஸ்.ஐ. அடித்த ரயர், மைனஸ் 15 பாகையில் சுமார் 26க்கு இறங்கிவிடும். துளி காற்றும் வெளியே போயிருக்காது. ஆனால் காரில் மஞ்சள் லைற் எரியும். இப்படி லைற் எரிந்த ஒரு தம்பியிடம், நாலு ரயரும் மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் காற்றடித்துப் பாருங்கோ என்றேன். லைற் நின்றுவிட்டது. சாரதியின் கதவைத் திறந்தால் ஓரத்தில் சரியான அளவு எழுதியிருக்கும். கார் ஓட முன்னர், ரயர் குளிராக இருக்கும்போதே அளவு பாருங்கள். சில நாளில் திரும்பவும் இறங்கினால்தான் ஓட்டை என்று சந்தேகப்பட வேண்டும்.

பார்பிகியூ சிலிண்டர்

20 பாகையில் புரோப்பேன் சிலிண்டருக்குள் அமுக்கம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல். மைனஸ் 20இல் ஏறக்குறைய 20தான். அதனால் குளிரில் அடுப்பு மந்தமாக எரியும். உடனே சிலர் சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவந்து சூடாக்கப் பார்ப்பார்கள். இது உயிராபத்து! அமுக்கம் அளவுக்கு மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவை வெளியே விடும். புரோப்பேன் காற்றை விடப் பாரமானது. பேஸ்மென்றில் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

2008 ஆகஸ்ட் 10 அதிகாலை, ரொறன்ரோ டவுன்ஸ்வியூவில் ஒரு புரோப்பேன் நிலையத்தில் கசிந்த வாயு தீப்பற்றியது. நெருப்பில் சூடேறிய தாங்கிகள் வெடித்தன. அங்கு வேலை செய்த ஒருவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

மறக்காதீர்கள்

1. சிலிண்டரை வீட்டுக்குள்ளோ, பேஸ்மென்றிலோ, கராஜிலோ வைக்கக்கூடாது. வெளியே நிமிர்த்தி வையுங்கள்.

2. ஸ்பிரே ரின்களை ஹீற்றருக்குப் பக்கத்திலோ, கோடையில் பூட்டிய காருக்குள்ளோ விடவேண்டாம். வெறும் ரின்னையும் நெருப்பில் போடாதீர்கள்.

3. காஸ் மணம் வந்தால் லைற் சுவிச்சைத் தொடாமல் எல்லாரும் வெளியே போங்கள். வெளியே நின்று 911ஐக் கூப்பிடுங்கள். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தீயணைப்புப் படையைக் கூப்பிடுவதால் உங்கள் அகதிக் கோரிக்கைக்கு ஒரு பாதிப்பும் வராது. பயந்து தாமதிக்க வேண்டாம்.