டிரைவில் இருக்கிறதே, போதாதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளை மூழ்கடித்தபோது எங்கள் பள்ளிக் கணினியும் நனைந்தது. கோப்புகள் போகவில்லை. கூகுள் டிரைவுடன் இணைத்திருந்ததால் வீட்டு மடிக்கணினியில் அத்தனையும் இருந்தன. அந்த நிம்மதியில், பென் டிரைவில் பிரதி எடுக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டேன்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வாசிப்பதை மாதந்தோறும் பதிவு செய்து ஒரு கோப்புறையில் சேர்த்து வந்தேன். ஜூனில் எழுத்துக்கூட்டித் தடுமாறிய பிள்ளை பிப்ரவரியில் ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசிப்பதைப் பெற்றோருக்குப் போட்டுக் காட்டும்போது அம்மாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏப்ரல் இறுதியில், பழுது பார்த்து வந்த பள்ளிக் கணினியில் இடம் போதவில்லை. 'டிரைவில்தான் இருக்கிறதே' என்று அந்தக் கோப்புறையை அழித்தேன். ஜூனில் தேடினால் டிரைவிலும் இல்லை, மடிக்கணினியிலும் இல்லை. டிரைவின் குப்பைத் தொட்டி அழித்தவற்றை 30 நாள்தான் வைத்திருக்கும். கோடை விடுமுறை அதைவிட நீளம்.

சிங்க் எனப்படும் ஒத்திசைவின் வேலை, எல்லா இடத்திலும் கோப்பை ஒரே நிலையில் வைத்திருப்பது. ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் திருந்தும். ஓரிடத்தில் அழித்தால் எங்கும் அழியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற நச்சுநிரல் கோப்பைப் பூட்டினால், பூட்டிய கோப்பே மேலே போய்ச் சேரும். கணினி கெட்டால் ஒத்திசைவு கைகொடுக்கும். நம் கை தவறினால் கொடுக்காது.

பேக்அப் என்னும் காப்புப் பிரதி, மூலத்தில் என்ன நடந்தாலும் மாறாமல் தனியே நிற்பது. இப்போது மாதக் கடைசி வெள்ளியன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், தேதியிட்ட புதிய கோப்புறையில் பிரதி எடுக்கிறேன். எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுவேன். மாட்டியே இருந்தால் நச்சுநிரல் அதையும் விடாது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். குழந்தைகளின் குரல் என்பதால் கடவுச்சொல்லும் உண்டு.

ஒன்றில் ஏமாறாதீர்கள். கணினியில் தெரியும் டிரைவ் கோப்புறையிலிருந்து கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகளை அப்படியே டிஸ்க்குக்கு நகலெடுத்தால் வருவது வெறும் இணைப்புதான், உள்ளடக்கம் வராது. வேர்டு, எக்செல் வடிவில் பதிவிறக்கியே சேமிக்க வேண்டும். பிரதி எடுத்தபின் இரண்டொரு கோப்புகளை, இணையம் இல்லாத வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

அந்த ஆண்டுப் பதிவுகளில் எனக்குத் திரும்பக் கிடைத்தவை நான்கு. பெற்றோர் சிலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவர்கள் கைபேசியிலிருந்து அழிக்காமல் வைத்திருந்தார்கள்.