வழி அறிந்தவரும் வழி தேடுபவரும்

நுழையும்முன்

வேலை தேடும் பயணத்தில் எவரும் தனியே நடக்க வேண்டியதில்லை. முன்னே சென்றவர் அவ்வழியின் மேடு பள்ளங்களை அறிவார். பின்னே வருபவரிடம் புதிய கல்வி இருக்கும். இருவரும் கைகோத்தால் இருவருக்கும் பயன் விளையும் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

எல்லையில் ஓர் ஊர்

ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் நெருங்கி வரும் மேட்டு நிலத்தில் அமைந்த ஊர் பலமனேர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளையும் இன்றும் இவ்வூர்க் கடைத்தெருவில் கேட்கலாம். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் சாலை இவ்வழியே செல்கிறது. அச்சாலையில் வேலை தேடிச் செல்வோரும் உண்டு. வேலை இழந்து திரும்புவோரும் உண்டு.

அவ்வாறு திரும்பிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பட்டம் பெற்றவர். பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையொன்றில் மூன்றாண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆட்குறைப்பில் வேலையை இழந்து, இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள்.

"அக்கா, இந்தத் தேர்வுகளைப் பற்றி எனக்கும் சொல்லித் தருவீர்களா?" என்று அவள் கேட்கிறாள்.

"வேலையை இழந்து நிற்கும் நான் உனக்கு என்னம்மா சொல்லித் தர முடியும்?" என்கிறார் அவர்.

கொடுப்பதும் பெறுவதும்

அவர் எண்ணம் சரியன்று. வேலையை இழந்தவர் தம் அனுபவத்தை இழப்பதில்லை. ஒரு சான்றைக் காண்போம். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறே பெயரை எழுத வேண்டும். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவர். தெலுங்கரோ குடும்பப் பெயரை முன்னே எழுதுவர். ஆகவே, எல்லைப்புற ஊர்களில் ஒரே பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் அமைந்துவிடுவதுண்டு. பட்டம் பெற்ற பின் அதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர் அந்த அக்கா. மாணவியோ ஒன்பதாம் வகுப்பில் வாரியப் பதிவின்போதே தன் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு மாலைப்பொழுதின் பேச்சு, பின்னாளைய அலைச்சலைத் தவிர்த்துவிடும்.

மாணவியிடமும் கொடுப்பதற்கு உண்டு. தொடக்கநிலைப் பணித் தேர்வுகளில் வரும் கணக்குகள் பள்ளிக் கணக்குகளே. விகிதம், பரப்பளவு, முக்கோணம் ஆகியவை அக்காவுக்கு மறந்திருக்கலாம். மாணவிக்கு அவை நேற்றைய பாடம். மேலும், பல்நோக்குப் பணியாளர் தேர்வை இந்தி, ஆங்கிலத்துடன் 13 மாநில மொழிகளிலும் நடத்தும் முடிவு 2023இல் அறிவிக்கப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவற்றில் அடங்கும். பள்ளியில் தமிழ் கற்கும் மாணவி, கலைச்சொற்களைப் படித்துக் காட்டி உதவலாம்.

நாட்டில் நடப்பவை

பீகார் மாநிலத்தின் சாசாராம் ரயில் நிலையம் இத்தகைய கூட்டு முயற்சிக்குப் பெயர் பெற்றது. ஊரில் மின்தடை ஏற்பட்டாலும் நிலையத்தில் விளக்கு எரியும் என்பதால், இளைஞர்கள் நடைமேடையில் அமர்ந்து படிக்கத் தொடங்கினர். தேர்வெழுதிய மூத்தவர்கள் இளையவர்களுக்கு வினாக்கள் தந்து விடைகளை விளக்கினர். தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் செயல்படுகின்றன. அங்குப் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகமானவர் வழியே வேலை பெற்றோரை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவரே, தாம் அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பற்றி அறிந்திருந்தனர். ஏனையோர் எப்போதாவது காண்பவரிடமிருந்து அறிந்தனர். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்று விலகி நிற்பவரே புதிய செய்தியைக் கொண்டு வருவார்.

கடைப்பிடிக்க வேண்டியவை

மூத்தவரிடம் "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேளாமல், "நீங்கள் சென்ற வழியைக் கூறுங்கள்" என்று கேட்க வேண்டும். வினாக்களை முன்பே எழுதிச் செல்ல வேண்டும். "ஏன் இன்னும் வேலை கிடைக்கவில்லை?" என்று கேட்டு எவர் மனத்தையும் புண்படுத்தலாகாது. பணம் கொடுத்தால் வேலை உறுதி என்பவரை நம்பாது, உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூற வேண்டும்.

தோல்வியுற்றவரிடமும் கற்க முடியும். எந்த இடத்தில் கால் இடறும் என்பதை இடறியவரே நன்கு அறிவார்.

சொற்பொருள்

ஆயத்த ஆடை – தைத்து விற்கப்படும் உடை
ஆட்குறைப்பு – பணியாளர் எண்ணிக்கையைக் குறைத்தல்
தன்னார்வம் – தானே விரும்பி முன்வருதல்

பயிற்சி

1. பலமனேரில் மூன்று மொழிகள் வழங்குவதற்கு அதன் அமைவிடம் எவ்வாறு காரணமாகிறது?
2. அக்காவும் மாணவியும் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவிகளை இரு பத்திகளாக எழுதுக.
3. கேளாமல், புண்படுத்தலாகாது – இச்சொற்களைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
4. செயல்பாடு: உம் தெருவில் வேலை தேடும் அண்ணன் அல்லது அக்கா ஒருவரைப் பெற்றோர் இசைவுடன் சந்திக்க. அவரிடம் கற்றது ஒன்றையும், அவருக்கு நீர் உதவக்கூடியது ஒன்றையும் ஐந்து வரிகளில் எழுதுக.