ஆராய்ச்சிக்குக் கொடுப்பது தர்மமாகுமா?

அபிராமபுரத்தில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. சென்ற ரமலானில் தராவீஹ் முடிந்து அவ்வீட்டில் அமர்ந்திருந்தபோது வீட்டுக்காரர் ஒரு மஸ்அலா கேட்டார். “ஹஜ்ரத், பிள்ளைகளுக்கு வரும் மூளைக் கட்டிக்கு மருந்து தேடுகிறார்களே, அந்த ஆராய்ச்சிக்கு என் ஜகாத்தைக் கொடுக்கலாமா?” முந்திய வருடம்தான் அவருடைய ஏழு வயது மகள் அந்நோயில் வஃபாத்தானாள்.

விடைக்கு முன் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்குழந்தையை முதலில் நம்மிடமே அழைத்து வந்தார்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. ஓதி ஊதினோம், தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். ஓதிப் பார்ப்பது சுன்னத்து, அதில் ஐயமில்லை. ஆனால் “டாக்டரிடமும் காட்டுங்கள்” என்ற ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து வரவில்லை. சில நாட்களில் கண் மாறியது, நடை தள்ளாடியது. முன்பே காட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று வைத்தியர்கள் சொல்லவில்லை. எனினும் அது நம்மைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடாது. விடாத காலைத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண் இவற்றைப் பற்றித்தான் ஓதிக்கொள்ள வரும் பெற்றோரிடம் இப்போது முதலில் விசாரிக்கிறோம்.

சிறுவர்க்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுக்கு அடுத்தபடி அதிகமாகக் காண்பது மூளைக் கட்டிகளே. எல்லாம் ஒரே வகையல்ல. சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்றும் முறையாகக் கிடைத்தால், வசதியுள்ள நாடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அக்குழந்தைக்கு வந்ததோ மூளைத் தண்டுக்குள் பரவும் வகை. அதை அறுத்தெடுக்க இயலாது. கதிர்வீச்சு சில மாதங்களை நீட்டித் தரும், அவ்வளவே. பிழைத்த பிள்ளைகளுக்கும் சோதனை தீர்வதில்லை. வளரும் மூளையில் பட்ட கதிர் பின்னாளில் படிப்பையும் வளர்ச்சியையும் குறைக்கக் கூடும். மெடுல்லோபிளாஸ்டோமா உண்மையில் நான்கு உட்பிரிவுகள் என்று கண்டபின், எந்தப் பிள்ளைக்குக் குறைந்த கதிர் போதும் என்று இப்போது ஆராய்கிறார்கள். அரிய நோயாதலால் மருந்துக் கம்பெனிகளுக்கு இதில் பெரிய லாபமில்லை. ஆகவே தர்மப் பணத்தின் தேவை இங்கே அதிகம்.

எந்த நோய்க்கும் அல்லாஹு தஆலா மருந்தை இறக்காமல் விடவில்லை. அறிந்தவர் அறிவார், அறியாதவர் அறியார் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் வாக்கின் கருத்து. மருந்து இருக்கிறதென்று நம்பும் சமுதாயம் அதைத் தேடாமல் இருப்பது எப்படிப் பொருந்தும்? வைத்தியக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள்.

இனி ஜகாத்துக்கு வருவோம். அது யார் யாருக்கு என்பதை அத்தவ்பா சூராவின் 60-ஆம் வசனம் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. ஹனஃபி மத்ஹபில் உரியவரின் கையில் உடைமையாக்கிக் கொடுத்தாலன்றி ஜகாத் நிறைவேறாது. ஷாஃபிஈ நூல்களும் அந்த எட்டு வகையாரிடமே சேர்க்கச் சொல்கின்றன. இக்காலத்தில் சிலர் ‘அல்லாஹ்வின் பாதையில்’ என்பதை விரித்துப் பொதுநலப் பணிகளையும் சேர்க்கிறார்கள். நமக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆய்வுக்கூடத்துக் கருவி எந்த ஏழையின் உடைமையும் ஆகாது. ஆகவே அவரிடம் இப்படிச் சொன்னோம்: பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து, அறை வாடகைக்கும் மருந்துக்கும் தவிக்கும் ஏழை முஸ்லிம் தகப்பனின் கையில் ஜகாத்தைக் கொடுங்கள். ஆராய்ச்சிக்கு ஸதகா கொடுங்கள், அல்லது வக்ஃபு செய்யுங்கள்; சொத்தில் மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத்தும் செய்யலாம். நஃபிலான ஸதகாவில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் பயன் பெறுவதற்குத் தடையில்லை.

இது நம் முன்னோர் அறியாத வழியல்ல. கெய்ரோவில் 1284-இல் எழுந்த மன்ஸூரி மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் நடந்தது. இரத்தம் இதயத்தின் வலப்புறமிருந்து நுரையீரல் வழியாக இடப்புறம் சேர்கிறது என்று எழுதிவைத்த இப்னுந் நஃபீஸ், ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்த ஆலிமுங்கூட. 1288-இல் மறைந்த அவர் தம் வீட்டையும் நூல்களையும் அந்த மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். (மதரஸாவில் ஏழு வருடம் ஓதிய நமக்கு இதை யாரும் சொல்லவில்லை!)

அவ்வளவு தூரம் போவானேன்? அபிராமபுரத்திலிருந்து திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் காந்தி நகர். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நன்கொடை திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. 1960-இல் பிள்ளைகளுக்கென்று தனி வார்டும் அங்கே வந்தது. சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்கிறது. அமெரிக்காவில் 1962-இல் திறந்த செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பணம் திரட்ட முன்வந்தவர்களோ, அங்கே குடியேறியிருந்த லெபனான், சிரியா நாட்டு அரபுகள்.

பேச்சு முடிந்ததென்று எழுந்தோம். உள்ளிருந்து அக்குழந்தையின் தாயார் திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்: “பிள்ளையின் காதணியும் இரண்டு வளையலும் இருக்கின்றன. அவள் பேரில் கொடுக்கலாமா?” மரணித்தவருக்காக ஸதகா கொடுக்கலாம். ஸஅது இப்னு உபாதா (ரலி) தம் தாயாருக்காகத் தோட்டத்தையே கொடுத்தார்கள். ஆனால் நகை யாருடையது என்று கேட்டோம். பிள்ளைக்கென்றே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் அது அவள் விட்டுச் சென்ற சொத்து. தகப்பன் இருப்பதால் உடன்பிறந்தோருக்குப் பங்கில்லை, வாரிசுகள் தாயும் தகப்பனுமே. இருவரும் மனமொப்ப வேண்டும் என்றோம்.

அவர் கணவரைப் பார்த்து, “உங்கள் பங்கையும் விடுவீர்களா?” என்றார். அவர் தலையசைத்தார்.