கட்டி வைத்த பொட்டலமும் நிறைந்து போன கிடங்கும்
கையடக்க விளையாட்டுக் கணிப்பொறி தரும் இருப்புப் பாடம்



கடைக்காரருக்குப் பாதிக் கவலை பணம், மீதிக் கவலை இடம். சரக்கு வைக்க இடம் போதாது. இருக்கும் இடத்தில் எது வேண்டியது, எது வேண்டாதது என்று பிரிக்க நேரம் போதாது. இதே இடக் கவலை இப்போது இளைஞர்கள் கையில் வைத்து விளையாடும் சிறிய கணிப்பொறிகளிலும் பெரிய குறையாகப் பேசப்படுகிறது. விளையாட்டுப் பொருளைப் பற்றி நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அசூஸ் கம்பெனியின் 'ஆர்.ஓ.ஜி. அலை' என்ற இப்படிப்பட்ட கருவி 2023 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 69,990 ரூபாய். நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியது நம் கல்லாவிலிருந்துதான். மேலும், இருப்பு வைக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. நான் மொத்த வியாபாரி, கணிப்பொறி இஞ்சினியர் அல்ல. ஆகவே நம் தொழில் வழக்கிலேயே சொல்லிப் போகிறேன்.

கருவி எது?

அமெரிக்காவில் வால்வ் என்று ஒரு கம்பெனி. ஸ்டீம் என்ற பெயரில் கணிப்பொறி விளையாட்டுகளை விற்கும் பெரிய அங்காடி அவர்களுடையது. 2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கணிப்பொறியை அவர்கள் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். ஏழு அங்குலத் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். உள்ளே இருப்பது முழுமையான கணிப்பொறி. அப்போது அது மூன்று ரகமாக வந்தது. 399 டாலருக்கு 64 ஜிபி கொள்ளளவு, 529 டாலருக்கு 256 ஜிபி, 649 டாலருக்கு 512 ஜிபி. வேலை செய்யும் திறன் மூன்றிலும் ஒன்றே. முக்கிய வித்தியாசம் கிடங்கின் அளவிலும், அதிலிருந்து சரக்கு எடுக்கும் வேகத்திலும்தான். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் 64 ஜிபி ரகத்தை வாங்கினார்கள். குறைகளும் அவர்களிடமிருந்தே அதிகம் வந்தன.

ஷேடர் என்றால் என்ன?

விளையாட்டில் தண்ணீர் பளபளப்பது, இரும்பில் வெளிச்சம் படுவது, புகை பரவுவது போன்றவற்றைத் திரையில் எப்படி வரைய வேண்டும் என்று கூறும் சிறு சிறு கட்டளைத் தொகுப்புகளுக்கு ஷேடர் என்று பெயர். விளையாட்டைச் செய்தவர்கள் இவற்றை எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான வடிவத்தில் எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கணிப்பொறியின் படம் வரையும் சில்லுக்கும் தனித்தனி மொழி உண்டு. பொது வடிவத்தை அந்தச் சில்லின் மொழிக்கு மாற்றிய பிறகுதான் படம் வரும்.

இந்த மாற்றும் வேலைக்கு நேரம் பிடிக்கிறது. திரையில் ஒரு வினாடிக்கு 60 படம் ஓடுகிறது என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி வினாடி. அந்த நேரத்தில் புதிய ஷேடர் ஒன்று வந்து, அதை மாற்ற வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆனால், ஆறு படம் வராமல் போய்விடும். விளையாடுபவர் கண்ணுக்கு ஆட்டம் திக்கித் திக்கி நிற்பதாகத் தெரியும்.

நம் கடைக்கு வருவோம். வாடிக்கையாளர் வந்து நின்று கால் கிலோ துவரம்பருப்பு கேட்ட பிறகு மூட்டையைப் பிரித்து, நிறுத்து, கட்டிக் கொடுத்தால் பின்னால் வரிசை நிற்கும். காலையிலேயே கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி வைத்திருந்தால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாம். ஒரு முறை மாற்றிய ஷேடரை அடுத்த முறைக்காக எடுத்து வைப்பதும் அப்படித்தான். அந்த இருப்புக்கு 'ஷேடர் கேஷ்' என்று பெயர். கேஷ் என்றதும் நமக்கு ரொக்கம் ஞாபகத்துக்கு வரும். இது கல்லாப் பணம் அல்ல, கட்டி வைத்த பொட்டலம்.

வால்வ் செய்த நல்ல ஏற்பாடு

சாதாரணக் கணிப்பொறிகளில் ஆளுக்கொரு சில்லு இருப்பதால், ஒரு வீட்டில் கட்டிய பொட்டலம் அடுத்த வீட்டுக்கு உதவாது. ஸ்டீம் டெக் ஒரே அச்சில் வார்த்தது போன்றது. ஆகவே வால்வ் கம்பெனி தயாரான ஷேடர்களைத் தானே வைத்திருந்து, விளையாட்டோடு சேர்த்து அனுப்ப முடிந்தது. பொட்டலம் மொத்தக் கடையிலேயே கட்டப்பட்டு வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 2023 மார்ச் 28 அன்று 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' என்ற விளையாட்டு கணிப்பொறிக்கு வந்தது. முதல் முறை திறந்தவுடன் ஷேடர் தயாரிக்க ஆரம்பித்தது, பல கணிப்பொறிகளில் நெடுநேரம் முடியவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் விளையாடாமல் காத்துக் கிடந்தார்கள். புகார்கள் குவிந்தன. முன்கூட்டிக் கட்டி வைப்பதன் அருமை அங்கே தெரிந்தது.

பிறகு குறை எங்கே?

நல்ல ஏற்பாட்டிலிருந்தே மூன்று குறைகள் கிளம்பின.

முதலாவது, இடம். 64 ஜிபி என்று அட்டையில் இருந்தாலும் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கணிப்பொறியின் பழைய வழக்கு 1024-ஆகப் பெருக்குவது. இரண்டு படிகளும் வேறு வேறு என்பதால் 64 என்பது 59.6 ஆகிவிடும். அதில் இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள் தன் பங்கை எடுத்துக் கொள்ளும். 'எல்டன் ரிங்' என்ற ஒரு விளையாட்டுக்கு மட்டுமே குறைந்தது 60 ஜிபி வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். ஆகவே வாங்கியவர்கள் தனியாக மெமரி கார்டு போட்டு விளையாட்டுகளை அதில் வைத்தார்கள். ஆனால் 2022-ல் ஸ்டீம் டெக் வாங்கிய பலரும் கண்டது என்னவென்றால், விளையாட்டு கார்டுக்குப் போனாலும் அதற்குரிய ஷேடர் கேஷ் உள்கிடங்கிலேயே வந்து உட்கார்ந்தது. வெளியில் குடோன் வாடகைக்கு எடுத்து மூட்டைகளை அங்கே இறக்கியவர், கடைக்குள் பொட்டலம் நிறைந்து நிற்க இடமில்லாமல் தவித்த கதைதான்.

இரண்டாவது, ஓயாத அப்டேட். விளையாட்டில் ஒரு மாற்றமும் இல்லாத நாளிலும் ஷேடருக்கென்று புதிய வரவு இறங்கும். விளையாடுபவர்களின் இயந்திரங்களில் புதிதாகத் தென்படும் ஷேடர்களைச் சேர்த்துச் சேர்த்துத் தொகுப்பு வளர்வதே அதற்குக் காரணம். விளையாட்டு அப்டேட் ஆனாலும், சில்லை இயக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள் மாறினாலும், பழைய பொட்டலம் பொருந்தாமல் போகலாம். விண்டோஸில் ஓடும் கையடக்கக் கருவிகளில் டிரைவரை மாற்றிய மறுநாள் ஆட்டம் மறுபடி திக்குவதற்கு இதுவே காரணம். வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் விளையாடலாம் என்று உட்காருபவருக்கு அதில் பாதி காத்திருப்பதிலேயே போனால் எரிச்சல் வராதா?

மூன்றாவது, மறைவு. எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது. இடம் எங்கே போயிற்று என்று பார்க்கப் போனால் 'மற்றவை' என்று ஒரே வரியில் பெரிய தொகை நின்றது. அதில் ஷேடர் எவ்வளவு, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. விளையாட்டை நீக்கிய பிறகும் அதற்குரிய சில கோப்புகள் அங்கேயே தங்கின. கடைசியில் வாடிக்கையாளர்களே சிறு மென்பொருள்கள் எழுதி, அந்த 'மற்றவை'யைப் பிரித்துப் பார்க்கவும் சுத்தம் செய்யவும் வேண்டியதாயிற்று. பேரேட்டில் 'இதர செலவு' என்று ஒரே வரியில் பெரிய தொகை எழுதும் கணக்குப்பிள்ளையை நாம் எத்தனை நாள் வேலைக்கு வைத்திருப்போம்?

எல்லாவற்றையும் கழித்துவிடலாமா?

கூடாது. கோபத்தில் கிடங்கைக் காலி செய்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். அந்தக் கேஷில் வெறும் ஷேடர் மட்டும் இருப்பதில்லை. சில விளையாட்டுகளின் நடுவே வரும் கதைக் காட்சிகள் இந்த இயந்திரத்தில் ஓடாத வடிவத்தில் இருக்கும். அவற்றை ஓடும் வடிவத்துக்கு மாற்றி வால்வ் அனுப்பும் படங்களும் அதே இடத்தில்தான் உள்ளன. அதை நிறுத்தினால் சில விளையாட்டுகளில் காட்சி வர வேண்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள்தான் தெரியும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. விண்டோஸ் விளையாட்டுகளை ஓட வைப்பதற்காக ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி அறை போன்ற ஒரு கோப்புறை உண்டு. விளையாட்டை நீக்கினாலும் அது பெரும்பாலும் தங்கிவிடும். பார்த்தால் குப்பை போலத் தெரியும். ஆனால் விளையாடியவர் எந்தக் கட்டம் வரை வந்தார் என்ற பதிவு அதற்குள் இருக்கலாம். அந்தப் பதிவைக் கம்பெனியின் கணிப்பொறியில் நகல் வைக்காத விளையாட்டுகளில், கோப்புறை போனால் பல நாள் உழைப்பும் போயிற்று. காலிச் சாக்கு என்று நினைத்துக் கடன் பேரேட்டை எடைக்குப் போட்ட கதை ஆகிவிடும்.

செய்ய வேண்டிய முறை இது. இனி விளையாடப் போவதில்லை என்ற விளையாட்டை முதலில் நீக்க வேண்டும். அதன் பதிவு வேறிடத்தில் நகலாக உள்ளதா என்று பார்த்த பிறகே எஞ்சிய கோப்புறையைத் தொட வேண்டும். இப்போது விளையாடிக் கொண்டிருக்கும் விளையாட்டின் கேஷை அழிப்பதில் லாபமில்லை. மறுநாளே அது மறுபடி வந்து நிறையும்.

பின்னர் வந்த மாற்றங்கள்

2022 நவம்பரில் விண்டோஸ் விளையாட்டுகளை மொழிமாற்றித் தரும் 'டி.எக்ஸ்.வி.கே.' என்ற மென்பொருளின் 2.0 பதிப்பு வந்தது. ஷேடரைப் பகுதி பகுதியாக முன்பே மாற்றி வைத்து, வேண்டிய நேரத்தில் விரைவாகச் சேர்க்கும் முறை அதில் இருந்தது. இதனால் கட்டி வைத்த பொட்டலத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை பல விளையாட்டுகளில் குறைந்தது. 2023 நவம்பரில் புதிய திரையோடு வந்த ஸ்டீம் டெக்கில் குறைந்த கொள்ளளவே 512 ஜிபி. விண்டோஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டும் அசூஸும் சேர்ந்து 2025 அக்டோபரில் கொண்டு வந்த கருவியோடு, தயாரான ஷேடரை விளையாட்டோடு சேர்த்தே இறக்கித் தரும் முறையும் தொடங்கியது. முன்பே வால்வ் தொடங்கிய வழக்கத்துக்கே மற்றவர்களும் வந்தார்கள். கட்டி வைப்பது தவறு என்று யாரும் முடிவு செய்யவில்லை.

நமக்குரிய பாடம்

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சோப்பு, பற்பசை, ஷாம்புக்கு 18 சதவீதம் 5 ஆயிற்று. அலமாரியில் இருந்த சரக்கு கெடவில்லை. அதன்மேல் அச்சிட்ட விலை மட்டும் ஒரே இரவில் பழையதாயிற்று. அதிகமாக இருப்பு வைத்திருந்தவருக்கு அதிக வேலை. எந்த அலமாரியில் எது எவ்வளவு என்று ஏட்டில் வைத்திருந்தவர் விரைவில் சரிசெய்தார், வைக்காதவர் திணறினார். டிரைவர் மாறிய நாளில் ஷேடருக்கு நேர்வதும் இதுவே.

ஆகவே உறுப்பினர்கள் மனதில் கொள்ள வேண்டியவை:

1. முன்கூட்டிக் கட்டி வைப்பது வாடிக்கையாளர் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கட்டிய பொட்டலத்துக்கும் இட வாடகை உண்டு.

2. விலையோ வரியோ மாறக்கூடிய பொருளை ஒரு வாரத் தேவைக்கு மேல் கட்டி வைக்க வேண்டாம்.

3. இருப்பேட்டில் 'இதர' என்ற வரி வளர்ந்தால் உடனே பிரித்துப் பாருங்கள்.

4. எதற்காக வைத்தோம் என்று தெரியாத பொருளை, தெரிந்து கொள்ளும் முன் கழிக்க வேண்டாம்.

5. பிள்ளைகளுக்குக் கருவி வாங்கும்போது அட்டையில் உள்ள அளவை நம்பி வாங்காமல், கையில் நிற்கும் இடம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஐந்தாவது குறிப்பு நமக்கும் சேர்த்துத்தான். பொட்டலத்தின்மேல் நிகர எடை எழுத வேண்டும் என்று நமக்குச் சட்டம் இருக்கிறது. காகிதத்தின் எடையைப் பருப்பின் எடையோடு சேர்த்து விற்க நமக்கு உரிமையில்லை. 399 டாலர் கொடுத்து வாங்கியவரின் கிடங்கில் எவ்வளவு இடம் அவருக்கு, எவ்வளவு இடம் விற்றவருடைய ஏற்பாட்டுக்கு என்று வாங்கும்போதே சொல்லியிருந்தால் பாதிப் புகார் எழுந்திருக்காது. இடம் குறைவாக இருப்பதை வாடிக்கையாளர் பொறுத்துக் கொள்வார். தன் இடம் எங்கே போயிற்று என்று தெரியாமல் இருப்பதைப் பொறுத்துக் கொள்ள மாட்டார். சிறிய கடையோ பெரிய கம்பெனியோ, விற்பவர் நினைவில் வைக்க வேண்டியது இதுவே.